இணையக் குரல்மன்றம்: வாயில் மறுத்தலும் வாயில் நேர்தலும்

தோற்றுவாய்

கல்வியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ‘கேள்வி’ என்பது ஒன்று. கற்றாரிடமிருந்து செவிவழியாகப் பெறும் அறிவு கேள்வி எனப்பட்டது. ஆசிரியர் பாடஞ் சொல்ல, மாணாக்கர் கேட்டு உளங்கொள்ளும் முறையே நம் மரபில் நெடுங்காலம் நிலவியது. ஏட்டுச்சுவடி அதற்குத் துணையாக நின்றதேயன்றி மாற்றாக நிற்கவில்லை. இன்றும் முனைவர் பட்ட ஆய்வின் இறுதிப்படி பொது வாய்மொழித் தேர்வாக இருத்தலை எண்ணுக.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது இக்கேள்விமுறை இணையத்தின்வழி நடைபெற வேண்டிய நிலை எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைகள், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளைக் காணொலிக் கூட்டத்தின்வழி நடத்துதற்கு இடமளித்தன. ஊரடங்கு நீங்கிய பின்னரும் இணையவழிக் கருத்தரங்கும் ஆய்வுரையாடலும் நம் துறைகளில் நிலைத்துவிட்டன.

இக்கூட்டங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். மூவர் கூடியிருப்பர். முதலாமவர் பேச்சு இரண்டாமவர்க்குக் கேட்கும், மூன்றாமவர்க்குக் கேளாது. மூன்றாமவர் பேசிக்கொண்டே இருப்பார்; அவர் வாய் அசைவதன்றி ஒலி எழாது. ‘இணைப்புச் சரியில்லை’ என்று சொல்லிக் கூட்டத்தை மேலே நடத்துகிறோம். விடை சொன்னவர் விடை சொல்லாதவராக எண்ணப்படுகிறார். கருத்தரங்கில் இது சிறு இடையூறு. வாய்மொழித் தேர்விலோ ஒரு மாணாக்கரின் பல்லாண்டு உழைப்பு இதனால் குறைவாக மதிப்பிடப்படுதல் கூடும். இதன் காரணம் இணைப்பின் விரைவுக் குறைவு மட்டுமன்று. பெரும்பாலும் அது முகவரி பற்றிய சிக்கல். அச்சிக்கல் யாது, அதனைக் கடந்து ஒரு துறை தனக்கெனக் குரல்மன்றம் ஒன்றை அமைத்துக்கொள்ளுமாறு யாங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1. மூவர், மூன்று வாயில்

சென்னைக்கு மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சில கல் தொலைவில் உள்ளவை. இவ்வூர்களில் வாழும் ஆய்வு மாணாக்கர் மூவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அம்பத்தூரில் உள்ளவர் வீட்டில் கண்ணாடியிழை இணைப்பும், ரூட்டர் எனப்படும் திசைவியும் உள்ளன. ஆவடியில் உள்ளவர் கைப்பேசி இணைப்பையே நம்பியிருக்கிறார். பூந்தமல்லியில் உள்ளவர் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி, அதன் வைஃபை இணைப்பைப் பயன்படுத்துகிறார். மூவரும் ஒரே பேருந்தில் ஏறி ஒரு மணி நேரத்திற்குள் ஓரிடத்தில் கூடிவிடலாம். இணையத்திலோ மூவரும் மூன்று மூடிய வாயில்களுக்குப் பின்னே இருக்கின்றனர். அவ்வாயில்கள் ஏன் தோன்றின?

2. முகவரிப் பஞ்சம்

இணையத்தில் செல்லும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்கிறது. ஒவ்வொரு பொதியின்மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எண்களாகப் பொறிக்கப்படும். 1981-இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு முகவரிமுறை 32 இரும எண்களால் ஆயது. ஆதலின் அதில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலக மக்கள்தொகைக்கே இவை போதா. ஒருவர்க்கே இரண்டு மூன்று கருவிகள் உள்ள இக்காலத்திற்கு எங்ஙனம் போதும்?

இப்பஞ்சம் வரும் என்பதை முன்னுணர்ந்து 1994-இல் எகெவாங், பிரான்சிசு ஆகிய இருவர் ‘முகவரி மாற்றம்’ என்னும் முறையை எழுதி வெளியிட்டனர். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் இது ‘நாட்’ என வழங்குகிறது. ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கருவிகள் அனைத்தும் தம்முள் வழங்கும் தனி முகவரிகளைக் கொள்ளும். வெளியுலகிற்கு அவையனைத்தும் ஒரே முகவரியோடு தோன்றும் என்பதே அம்முறையின் சாரம். இதனைக் குறுகிய காலத் தீர்வென்றே அவர்கள் கருதினர். இத்தகு தனிவழக்கிற்கென மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரியை நம் வீட்டுத் திசைவிகளில் காண்பது இதனாலேயே.

அகம், புறம் என்னும் நம் இலக்கணப் பாகுபாட்டை ஈண்டுக் கடனாகக் கொள்ளலாம். வீட்டுள் மட்டும் வழங்கும் முகவரியை அகமுகவரி என்றும், உலகறிய வழங்கும் முகவரியைப் புறமுகவரி என்றும் இக்கட்டுரையில் குறிப்போம். சுட்டி ஒருவர் பெயர் கூறாமை அகத்தின் இயல்பாதல் போல, அகமுகவரியும் எந்த ஒரு வீட்டையும் தனித்துச் சுட்டாது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆயிரம் வீடுகளில் 192.168.1.10 என்னும் ஒரே முகவரி இருத்தல் கூடும்.

2011 பிப்ரவரியில் உலகப் பொதுத் தொகுப்பிலிருந்த முகவரிகள் பங்கிட்டு முடிந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் ஏறத்தாழத் தீர்ந்தது. இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் பலரை ஒரே புறமுகவரியின்கீழ் வைக்கும் நிலைக்கு வந்தன. அதற்கென 2012-இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ஆகவே இன்று பலர்க்கு வீட்டு வாயிலுக்கு அப்பால் தெருவிற்கும் ஒரு பெருவாயில் உண்டு. ஆவடியில் கைப்பேசி வைத்திருப்பவர் நிலை பெரும்பாலும் இதுவே.

3. திசைவி செய்வதும் செய்யாததும்

திசைவியின் செயலை வாயில்காப்போன் செயலோடு ஒப்பிடலாம். வீட்டுள்ளிருந்து ஒரு பொதி வெளியே செல்லும்போது அதன் அகமுகவரியை நீக்கிப் புறமுகவரியைத் திசைவி பொறிக்கிறது. இன்ன கருவி, இன்ன துறை எண்ணிலிருந்து, இன்னார்க்கு எழுதியது என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. துறை எண் என்பது ஒரு கருவியில் நிகழும் பல தொடர்புகளைப் பிரித்தறிய உதவும் எண்ணாகும். மறுமொழி வந்தால் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. குறிப்பேட்டில் இல்லாத பொதி வந்தால் அதனை யாரிடம் சேர்ப்பது என்று அறியாமையால் கைவிடுகிறது.

எனவே நாம் பிறரைத் தேடிச் செல்லலாம். நாம் தேடியவர் மறுமொழி தரலாம். நாம் தேடாத ஒருவர் நம்மைத் தேடி வரல் இயலாது. நூலகத்தின் இணையதளத்தைத் திறந்து படித்தற்கு இது தடையன்று. நாமே முதலில் கேட்கிறோம். உரையாடலிலோ இருவருள் ஒருவர் அழைக்கப்படுபவராதல் வேண்டும். இருவரும் வாயிலுக்குப் பின்னே இருந்தால் ஒருவரையொருவர் அழைத்தல் எங்ஙனம்?

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கடிதத்தின் உறைமேல் உள்ள முகவரியைத் திசைவி மாற்றுகிறது. உள்ளிருக்கும் மடலைப் பெரும்பாலும் அது படிப்பதில்லை. குரல் உரையாடல் தொடங்குமுன் ‘உன் குரலை இம்முகவரிக்கு அனுப்புக’ என்று மடலின் உள்ளே கருவி எழுதுகிறது. அது அறிந்தது தன் அகமுகவரியை மட்டுமே. பெற்றவர் அவ்வகமுகவரிக்குக் குரலை அனுப்ப முற்படின், குரல் எங்கும் சென்று சேராது. அழைப்பு மணி அடிக்கும், தொடர்பு கிடைத்தது என்று திரை காட்டும், ஒலி மட்டும் வாராது. ஒருபக்கம் கேட்டு மறுபக்கம் கேளாமையும் பல வேளைகளில் இதனாலேயே நேர்கிறது.

4. வாயில் என்னும் சொல்லின் இருபொருள்

வீட்டின் நுழைவிடத்தைக் குறிக்கும் வாயில் என்னும் சொல், அகத்திணையில் தலைவன் தலைவியரிடையே சென்று சொல்லாடும் தோழி, பாணன், விறலி முதலியோரையும் குறிக்கும். தொல்காப்பியக் கற்பியல் இவர்களை வாயில்கள் என்றே வகுத்துரைக்கிறது. தலைவி அவர் சொல்லை ஏலாதிருத்தல் வாயில் மறுத்தல். ஏற்றுக்கொள்ளுதல் வாயில் நேர்தல். கதவு மூடியிருக்கும்போது இடைநின்று சொல்லைச் சேர்ப்பார் தேவைப்படுகின்றனர் என்பதே இவ்விரு பொருளையும் இணைக்கும் கருத்து. இணையப் பொறியியலார் கண்ட தீர்வும் இதன்பாற்பட்டதே.

அவர்கள் வகுத்த முறைகள் மூன்று. முதலாவது 2003-இல் வரையறுக்கப்பட்ட ‘ஸ்டன்’. வெளியே பொதுவிடத்தில் உள்ள ஒரு கணினியை நோக்கி நம் கருவி, ‘நான் உனக்கு எம்முகவரியில் தோன்றுகிறேன்?’ என்று வினவும். அது நம் புறமுகவரியையும் துறை எண்ணையும் விடையாகத் தரும். பின்னர் நம் கருவி மடலுள் அப்புறமுகவரியை எழுதும். சில திசைவிகள் ஒரு கருவியின் ஒரு துறைக்கு எவரோடு பேசினும் ஒரே புறத்துறை எண்ணை வழங்கும். அங்கே இம்முறை பயன்படும். வேறு சில, பேசும் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு எண்ணை வழங்கும். இருபக்கமும் அத்தகு திசைவிகள் இருப்பின் ஸ்டன் சொன்ன எண் பயன்படாது.

இரண்டாவது 2010-இல் வரையறுக்கப்பட்ட ‘டர்ன்’. நேரே பேச முடியாதவர் இருவரும் பொதுவிடத்தில் உள்ள ஒரு கணினியைத் தாமே தேடிச் சென்று, அதன்வழியாகத் தம் குரலை அனுப்புவர். அது இருவர்க்கும் இடைநிற்கும் வாயில். மூன்றாவது அதே ஆண்டில் வரையறுக்கப்பட்ட ‘ஐஸ்’. அகமுகவரி, புறமுகவரி, இடைநிற்பார் முகவரி ஆகிய எல்லா வழிகளையும் தொகுத்து ஒவ்வொன்றாகத் தேர்ந்து, செல்லும் வழியைக் கொள்வது இதன் பணி. உலாவியின்வழி நிகழும் இன்றைய உரையாடல்கள் இம்மூன்றன் துணையால் நிகழ்கின்றன.

5. மன்றம் ஏன் வேண்டும்?

பலர் கூடும் கூட்டத்திற்கு மேலும் எளிய வழி உண்டு. பன்னிருவர் ஒருவரோடொருவர் நேரே பேச வேண்டின் 66 தனித்தொடர்புகள் வேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றும் இரண்டு வாயில்களைக் கடத்தல் வேண்டும். பன்னிருவரும் ஊர்ப்பொதுவில் உள்ள ஒரு மன்றத்திற்குச் செல்வாராயின் 12 தொடர்புகள் போதும். ஒவ்வொருவரும் தம் வாயிலிலிருந்து வெளியே செல்கின்றனர். எவர் வாயிலையும் எவரும் தட்டுவதில்லை. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியே அம்மன்றம். அஃது ஒன்று மட்டும் புறமுகவரி பெற்றிருப்பின் ஏனையோர் எத்தகு திசைவிக்குப் பின் இருப்பினும் பெரும்பாலும் தடையில்லை.

இவ்வகையில் குரலுக்கென்றே அமைந்தது ‘மம்பிள்’. 2005-இல் தோர்வால்ட் நாட்விக் என்பார் இதனை வெளியிட்டார். இதன் மூலநிரலும் எவர்க்கும் திறந்ததே. படத்தோடு கூடிய கூட்டத்திற்கு ‘ஜிட்சி’ பயன்படும். இது 2003-இல் ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணவராயிருந்த எமில் இவோவ் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. வாரந்தோறும் கூடும் பாடவட்டத்திற்கு மம்பிள் ஏற்றது. புறத்தேர்வாளரும் பார்வையாளரும் வரும் வாய்மொழித் தேர்விற்கு, எதனையும் நிறுவாமல் உலாவியிலேயே நுழையும் ஜிட்சி ஏற்றது.

6. அமைக்கும் முறை

அம்பத்தூர் மாணாக்கர் தம் வீட்டுக் கணினியிலேயே மம்பிள் வழங்கியை நிறுவுவதாகக் கொள்வோம். அவர் செய்ய வேண்டுவன ஐந்து.

முதலாவது, வழங்கியின் அகமுகவரி மாறாதிருத்தல் வேண்டும். திசைவி தானே வழங்கும் முகவரி, மின்தடைக்குப்பின் மாறுதல் கூடும். ஆகவே அக்கணினிக்கு ஒரு முகவரியைத் திசைவியில் நிலையாக ஒதுக்குதல் வேண்டும்.

இரண்டாவது, திசைவியில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்னும் பகுதியில் 64738 என்னும் துறைக்கு வரும் பொதிகளை அவ்வகமுகவரிக்குச் செலுத்துமாறு அமைத்தல் வேண்டும். டி.சி.பி., யு.டி.பி. என்னும் இருவகைப் பொதிகட்கும் இதனைச் செய்தல் இன்றியமையாதது. முன்னது தவறிய பொதியை மீண்டும் கேட்டுப் பெறும்; பின்னது காத்திராமல் மேலே செல்லும். பேச்சுக்குப் பின்னதே சிறந்தது. முன்னதை மட்டும் திறந்துவைப்பின் மம்பிள் குரலையும் அதன்வழியே செலுத்தும். அப்போது ஒரு பொதி தவறினும் பின்வரும் சொற்களெல்லாம் தேங்கி நிற்கும்.

மூன்றாவது, கணினியின் ஃபயர்வாலும் அத்துறைக்கு இசைவளித்தல் வேண்டும். நான்காவது, இணைப்பு நிறுவனம் வழங்கும் புறமுகவரி அவ்வப்போது மாறுமாயின், மாறுந்தோறும் புதுப்பிக்கப்படும் பெயர் ஒன்றை அதற்கு அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, சோதனையை வெளியிலிருந்து செய்தல் வேண்டும். வீட்டுள் இருந்தே புறமுகவரியை அழைத்தால், வெளியே சென்று திரும்பும் அவ்வழியைச் சில திசைவிகள் ஏற்பதில்லை. அதனால் நன்கமைந்த வழங்கியும் பழுதுற்றது போலத் தோன்றும். கைப்பேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு அதன் சொந்த இணைப்பால் சோதித்தலே தக்கது.

இவை யாவும் செய்தும் வெளியார் நுழைய இயலாதாயின், திசைவியின் பக்கத்தில் தோன்றும் வெளிமுகவரியையும், வெளித்தளம் ஒன்று காட்டும் நம் முகவரியையும் ஒப்பிடுக. இரண்டும் வேறாயின் நிறுவனத்தின் பெருவாயில் இடையே உள்ளது. அப்போது வீட்டுத் திசைவியில் செய்த திருத்தம் பயன் தாராது. நிறுவனத்திடம் தனிப் புறமுகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அன்றேல் தரவு மையம் ஒன்றில் சிறு வழங்கியை வாடகைக்குக் கொள்ளலாம். 128 இரும எண்களால் ஆன ஆறாம் பதிப்பு முகவரிமுறையில் இம்மாற்றமே தேவையில்லை. ஆயின் கூட்டத்திற்கு வரும் அனைவர்க்கும் அம்முகவரி இருத்தல் வேண்டும்.

பூந்தமல்லி விடுதி மாணாக்கர் நிலை வேறு. இணையதளங்களுக்குரிய 80, 443 ஆகிய துறைகளையன்றிப் பிறவற்றை அவர் தங்கியுள்ள விடுதி மூடியிருக்கக்கூடும். யு.டி.பி. பொதிகளும் தடுக்கப்பட்டிருக்கலாம். ஆகவே வாடகை வழங்கியில் மம்பிளை 443-ஆம் துறையில் அமர்த்துதல் நலம். ஜிட்சியாயின் அதே துறையில் மறையாக்கத்துடன் இயங்கும் டர்ன் வழங்கியை உடனமைத்தல் வேண்டும். அதற்குக் கடவுச்சொற் காவலும் இன்றியமையாதது. இல்லையேல் தொடர்பற்றவர் பலர் அதனைத் தம் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவர்.

7. மூன்றாமவர் வந்ததும் ஒலி மறைதல்

ஜிட்சியை நிறுவுவோர் பலர் காணும் வியப்பு ஒன்றுண்டு. இருவர் பேசும்போது எல்லாம் செவ்வனே நடக்கும். மூன்றாமவர் நுழைந்தவுடன் எவர் குரலும் எவர்க்கும் கேளாது. இதன் காரணம் எளியது. இருவர் மட்டும் இருக்கும்போது ஜிட்சி அவர்களை நேரே இணைக்க முயலும். குரல் வழங்கியின்வழிச் செல்வதில்லை. மூன்றாமவர் வந்ததும் யாவர் குரலும் வழங்கியின் 10000-ஆம் யு.டி.பி. துறைவழியே செல்லத் தொடங்கும். அத்துறை மூடியிருப்பினும், வழங்கி தன் அகமுகவரியையே பிறர்க்கு அறிவிப்பினும் குரல் நின்றுவிடும். எனவே திசைவிக்குப் பின் வைக்கப்படும் வழங்கிக்கு அதன் புறமுகவரியைத் தெளிவாக எழுதிவைத்தல் வேண்டும். இருவரைக் கொண்டு சோதித்து மன்றம் நன்று என்று முடிவு செய்தல் பொருந்தாது என்பதும் இதனால் பெறப்படும்.

8. அளவும் இடமும்

குரலுக்கு வேண்டும் வழி சிறிதே. 2012-இல் வரையறுக்கப்பட்ட ‘ஓபஸ்’ என்னும் முறையில் நொடிக்கு 40 கிலோபிட் அளவில் பேச்சு தெளிவாகக் கேட்கும். நொடிக்கு 50 பொதிகளாக அனுப்பும்போது உறைக்கென 16 கிலோபிட் கூடும். ஆக 56 கிலோபிட். ஒரு மணி நேரம் கேட்பதற்கு ஏறத்தாழ 25 மெகாபைட். 30 பேர் உள்ள மன்றத்தில் ஒருவர் பேச 29 பேர் கேட்பின், வழங்கி வெளியே அனுப்புவது நொடிக்கு ஏறத்தாழ 1.6 மெகாபிட்டே. படத்தை விலக்கிக் குரலை மட்டும் கொள்ளின், நாளளவு குறிக்கப்பட்ட கைப்பேசித் திட்டத்தை நம்பியுள்ள ஆவடி மாணாக்கரும் முழு வகுப்பையும் கேட்கலாம்.

விரைவைவிடக் காலத்தாழ்வு கருதத்தக்கது. பேசியவர் வாயிலிருந்து கேட்பவர் செவிக்கு 150 மில்லிநொடிக்குள் ஒலி சேர்ந்தால் உரையாடல் இயல்பாக அமையும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்துள்ளது. அதற்குமேல் நீளின் இருவர் ஒருங்கே பேசத் தொடங்கி இருவரும் ஒருங்கே நிறுத்துவர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அமெரிக்காவில் உள்ள வழங்கியின்வழி ஆவடிக் குரல் பூந்தமல்லி சேர வேண்டின், அது கடலிடைச் சென்று மீள வேண்டும். ஒளியின் பயணத்திற்கே அவ்வெல்லை முழுதும் செலவாகிவிடும். சென்னையிலோ மும்பையிலோ உள்ள வழங்கியாயின் பயணத்தாழ்வு மிகச் சிறிது. 1964-இல் தோன்றிய தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற அம்பத்தூரிலேயே 2023-இல் என்.டி.டி. நிறுவனத்தின் தரவு மையம் தொடங்கப்பட்டது. அண்மையில் இத்தகு வசதி இருக்க, வழங்கியின் இடத்தை வினவாமல் வாடகைக்குக் கொள்ளுதல் தகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. திசைவி வெளிச்செல்வாரைத் தடுப்பதில்லை. அழையாது வருவாரையே தடுக்கிறது. ஆதலின் எல்லாரும் தாமே சென்று சேரத்தக்க பொதுவிடம் ஒன்றைப் புறமுகவரியோடு அமைப்பின் குரல்மன்றம் இயலும். நேரே வர இயலாதார்க்கு இடைநிற்கும் வாயிலும் உடன் வேண்டும். இதற்கு வேண்டுவது ஒரு சிறு கணினியும், சில நாள் உழைப்பும், தொடர்ந்து பேணும் ஒருவருமே.

துறையில் உள்ளார் அனைவரும் நல்லிணைப்புப் பெற்றிருப்பின் எம்முறையும் நன்றாகவே தோன்றும். மன்றத்தின் தகுதியை அளந்தறிதற்கு உரியவர் பெருவாயிலுக்குப் பின்னுள்ள கைப்பேசி மாணாக்கரும், விடுதித் தடைக்குப் பின்னுள்ள மாணாக்கரும் ஆவர். வாய்மொழித் தேர்விற்கு முந்தைய நாள், வீடு, கைப்பேசி, நிறுவனம் என்னும் மூன்று வகை இணைப்புகளிலிருந்து மூவரை ஒருங்கே நுழைவித்து, ஒவ்வொருவரும் ஏனை இருவர் குரலையும் கேட்டனர் என்று எழுதிப் பதிவு செய்தல் நம் துறைகளில் விதியாக வேண்டும். தேர்வின்போது மாணாக்கர் குரல் அறுந்தால், அவர் விடையளிக்கவில்லை என்று குறியாமல், குரல் மீண்டபின் வினாவை மறுபடியும் கேட்டல் வேண்டும். கேள்வியைக் கல்வியாகப் போற்றும் மரபினர் கேட்கப்படாத குரலைச் சொல்லப்படாத விடையாகக் கொள்ளுதல் முறையாகாது.